காரின் ஏ.சி. பெல்ட் அடிக்கடி கழன்று விழுவது ஏன்? அறிகுறி வாரியாகக் காரணமும் சரிசெய்யும் முறையும்

ஏ.சி. பெல்ட் ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்து அறுந்து போனால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புதிது வாங்கி மாட்டினால் போதும். அறுபடாமல் முழு வளையமாகவே புல்லியை (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரத்தை) விட்டுக் கழன்று, திரும்ப மாட்டினாலும் சில நாட்களில் மறுபடியும் விழும் பெல்ட்டின் கதை வேறு. அங்கே குறை பெரும்பாலும் பெல்ட்டில் இருப்பதில்லை. ஏதோ ஒரு புல்லி அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கிறது, அல்லது அதைப் புல்லியின் பள்ளமான காடியில் அழுத்திப் பிடிக்க வேண்டிய இறுக்கம் ஓட்டத்தின் நடுவே தளர்ந்துவிடுகிறது, அல்லது சுழல வேண்டிய ஒன்று சுழல மறுக்கிறது. இம்மூன்றில் எது என்று தெரியாமல் புதுப் பெல்ட் வாங்குவதும், இருப்பதை இன்னும் முறுக்கி இறுக்குவதும் பணத்தையும் பேரிங்கையும் வீணாக்கும் வேலை.

என் வண்டியில் நான்கு மாதத்துக்குள் மூன்று பெல்ட் மாற்றிய பிறகுதான் இது எனக்கு விளங்கியது. ஒவ்வொரு முறையும் பெல்ட் தரமில்லை என்றே சொன்னார்கள். மூன்றாவது பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தபோது, எஞ்சினை விட்டு விலகியிருக்கும் வெளி ஓரம் மட்டும் பஞ்சு பஞ்சாகப் பிசிறு விட்டிருந்தது. உள் ஓரமோ வாங்கிய அன்று இருந்ததைப் போலவே கூர்மையாக இருந்தது. பெல்ட்டைத் தாங்கி இறுக்குவதற்காக மட்டும் சும்மா சுழலும் ஐட்லர் புல்லிக்குப் பேரிங் மாற்றியபோது அதன் பின்னால் இருந்த தடித்த வாஷர் திரும்பப் போடப்படவில்லை. புல்லி ஏறத்தாழ 3 மி.மீ. உள்ளே இறங்கி, அதன் விளிம்பு பெல்ட்டின் ஓரத்தைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது. கழன்று விழுந்த பெல்ட்டை எக்காரணம் கொண்டும் தூக்கி எறிய வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடங்கும் முன்

முதலில் அந்தப் பெல்ட் எதையெல்லாம் சுழற்றுகிறது என்று பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில், ஏ.சி. வாயுவை அழுத்தும் கம்ப்ரசருக்கென்று தனிப் பெல்ட் இருக்கும். அது கழன்றால் குளிர்ச்சி மட்டும் போகும், வண்டியை வீடு வரை ஓட்டி வந்துவிடலாம். வேறு பல எஞ்சின்களில் ஒரே நீளப் பெல்ட் கம்ப்ரசர், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகிய எல்லாவற்றையும் சுற்றி வரும். அது கழன்றவுடன் பேட்டரி விளக்கு எரியும், வாட்டர் பம்பும் நின்றுவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை ஓரம் கட்டி உடனே அணைத்துவிட வேண்டும். தனிப் பெல்ட் ஆனாலும், கழன்றது உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தால் அப்படியே ஓட்டக் கூடாது. எஞ்சினின் முதன்மைத் தண்டில் இருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் பின்னால் பெல்ட்டின் நூல் சுற்றிக்கொண்டு டைமிங் பெல்ட் மூடிக்குள் புகுந்தால், சிறு செலவில் முடிய வேண்டியது எஞ்சினைத் திறக்கும் வேலையாக மாறிவிடும்.

கைவைக்கும் முன் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் பல வண்டிகளில் எஞ்சின் அணைந்த பிறகும் தானாகச் சுழலக்கூடியது. எஞ்சின் ஓடும்போது செய்ய வேண்டிய சோதனைகள் எல்லாம் கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் மட்டுமே. அந்நேரத்தில் கை, துணி, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. ஏ.சி. வாயுக் குழாய்களின் நட்டைத் திறக்க வேண்டிய தேவை இந்த வேலையில் எங்குமே இல்லை.

கழன்ற பெல்ட்டைப் படிப்பது

பெல்ட்டைத் துடைக்காமல் அப்படியே ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிறு விட்டிருந்தாலோ, பெல்ட்டின் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மேடுகளான வரிகளில் ஓரத்து வரி ஒன்று மட்டும் முழு நீளத்துக்கும் உரிந்து போயிருந்தாலோ, புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. வரிகளின் மேல் கண்ணாடி போன்ற பளபளப்பு ஏறி, விரலால் தேய்த்தால் வழுவழுவென்று இருந்தால், பெல்ட் காடிக்குள் வழுக்கியிருக்கிறது. அப்போது தேட வேண்டியது இறுக்கக் குறைவையோ சுழல மறுக்கும் புல்லியையோ. ஓரிடத்தில் மட்டும் கருகிய தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: எஞ்சின் ஓட, பெல்ட் அசையாமல் நிற்க, கிராங்க் புல்லி அதன் அடியில் சுழன்றிருக்கிறது. ரப்பர் உப்பி மெத்தென்று பிசுபிசுத்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. அந்தக் கசிவை அடைக்காமல் புதிது மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகும். வரிகளுக்கு நடுவே சிறு கல்லோ காய்ந்த சேறோ சிக்கியிருந்தால், புல்லியின் காடியிலும் அதே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காடியின் அடியில் இறுகிப்போன மண்ணின் மேல் பெல்ட் ஏறி நின்றால் அது விளிம்பைத் தாண்டுவதற்கு அதிக நேரம் ஆகாது.

வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய வகை ரப்பர் வயதானால் குறுக்கே வெடிக்கும். இப்போது பரவலாக உள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் வெடிக்காமலேயே தேய்வது. வரிகளின் இடைப்பள்ளம் அகன்று, பெல்ட் காடிக்குள் ஆழமாக இறங்கிவிடும், பிடிமானம் போய்விடும், பார்வைக்கு மட்டும் புதிதுபோல இருக்கும்.

மாட்டிய சில நிமிடங்களிலேயே கழன்றால்

இது பெரும்பாலும் மாட்டியதில் நேர்ந்த பிழை. பல வரி பெல்ட்டை மாட்டும்போது அடிக்கடி நிகழ்வது, ஏதாவது ஒரு புல்லியில் அது ஒரு காடி தள்ளி உட்கார்ந்துவிடுவது. கீழே இருக்கும் கிராங்க் புல்லியை மேலிருந்து பார்க்க முடியாததால் இது கண்ணுக்குத் தப்பிவிடும். விரலை உள்ளே விட்டு இரண்டு ஓரத்தையும் தடவியே உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்தது பெல்ட்டின் எண். அதன் முதுகில் 4பிகே 855 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் வரிகளின் எண்ணிக்கை, நடுவில் இருப்பது வரிகளின் வகை, கடைசி எண் மி.மீ. அளவில் நீளம். நீளம் சிறிது கூடினாலும் இறுக்கும் போல்ட் தன் எல்லையின் கடைசி முனைக்குப் போய்விடும். அங்கே பிடிமானம் போதாது.

அண்மையில் கம்ப்ரசரையோ, அதன் தண்டைப் புல்லியோடு இணைத்தும் விடுவித்தும் வைக்கும் கிளட்சையோ மாற்றியிருந்தால், பழைய புல்லியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காடிகளின் எண்ணிக்கை, விட்டம், பின்முகத்திலிருந்து முதல் காடி வரை உள்ள தூரம் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். கம்ப்ரசரின் உடல் அதே மாதிரியாக இருந்து புல்லி மட்டும் வேறு வண்டிக்குரியதாக இருப்பது அரிதல்ல. இன்னொன்று, கம்ப்ரசர் புல்லியைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப். அது தன் காடியில் முழுமையாக உட்காராமல் இருந்தால், எஞ்சின் ஓட ஓடப் புல்லி பேரிங்கோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து வரும்; பெல்ட்டும் கூடவே வரும். சர்க்ளிப்பின் ஒரு முகம் சரிவாக இருந்தால் அந்த முகம் வெளியே பார்க்க வேண்டும்.

சில வண்டிகளில் பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனரே இல்லாமல், பெல்ட்டின் சொந்த நெகிழ்ச்சியாலேயே இறுகி நிற்கும் வகை உண்டு. அதை மாட்டுவதற்கென்று உள்ள கருவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரியாமல் அறுந்து, பெல்ட் ஒரு பக்கமாக இழுத்து ஓடத் தொடங்கும். ஒருமுறை கழற்றியதைத் திரும்ப மாட்டவும் கூடாது. ஒற்றை வி வடிவப் பெல்ட் காடிக்குள்ளேயே குப்புறப் புரண்டு கிடந்தால் அதற்கும் நெம்பி மாட்டியதில் அறுந்த நூலே பல நேரம் காரணமாக இருக்கும்.

ஏ.சி.யைப் போட்டவுடன் கழன்றால்

ஏ.சி. அணைந்திருக்கும்போது கம்ப்ரசரின் புல்லி மட்டும் தன் பேரிங்கில் சும்மா சுழலும், தண்டு நிற்கும். சுவிட்சைப் போட்டதும் காந்தச் சுருள் கிளட்சின் முன்தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட, கம்ப்ரசரின் முழுச் சுமையும் ஒரே நொடியில் பெல்ட்டின் மேல் விழும். அந்த நொடியில் கீச்சென்ற அலறலும் ரப்பர் கருகும் வாடையும் வந்து பெல்ட் எகிறினால், எஞ்சினை அணைத்துவிட்டு முன்தட்டைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல கம்ப்ரசர் சீரான சிறு எதிர்ப்போடு திரும்பும். கல்லாக நின்றாலோ, சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கரகரவென்று தடைபட்டாலோ, கம்ப்ரசர் உள்ளே இறுகிக்கொண்டிருக்கிறது. பெல்ட்டை எத்தனை மாற்றினாலும் பயனில்லை.

தட்டு ஒழுங்காகத் திரும்பினால் சுமை ஏன் மிகுந்தது என்று பார்க்க வேண்டும். ஏ.சி. வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் ஃபேன் ஏ.சி. போட்டதும் சுழல்கிறதா? கண்டென்சரின் இதழ்களில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா? வெப்பம் வெளியேறாவிட்டால் குழாயில் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்துக்கு எதிராகக் கம்ப்ரசரைச் சுழற்றப் பெல்ட் திணறும். வாயுவை அளவுக்கு மேல் நிரப்பியிருந்தாலும் இதே நிலைதான். வாயுவை எடை பார்த்தே நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும். குளிர்ச்சி போதவில்லை என்று அளவு பார்க்காமல் நிரப்பிய சில நாட்களில் பெல்ட் கழலத் தொடங்கியிருந்தால், முதலில் இதைத்தான் நான் சந்தேகிப்பேன்.

கிளட்சின் முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்துவிடலாம். பெரும்பாலான கம்ப்ரசர்களில் அது 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்கும். தேய்ந்து அகன்றுவிட்டால் தட்டு முழுமையாக ஒட்டாமல் உராய்ந்து சூடேறும். அந்தச் சூடு அருகிலேயே இருக்கும் புல்லி பேரிங்கின் கிரீஸை உருக்கிவிடும்.

ஏ.சி. அணைந்திருக்கும்போதே கழன்றால்

கம்ப்ரசர் வேலை செய்யாதபோதும் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஏ.சி.யைப் போடவே இல்லை, பிறகு எப்படிக் கம்ப்ரசர் காரணமாகும் என்று கேட்பவர்கள் பலர். புல்லியின் பேரிங் போயிருந்தால் அதுவே போதும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சோதிக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. சுழற்றிவிட்டால் ஓசையில்லாமல் சுழன்று மெல்ல நிற்க வேண்டும். மணல் அரைபடுவது போன்ற ஓசை வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஐட்லர் சைக்கிள் சக்கரம் போல நெடுநேரம் தடையின்றிச் சுழன்றாலும் அது நல்ல அறிகுறியல்ல. உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. இந்தப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது ஐட்லர்தான். அளவில் சிறியதாக இருப்பதால் வேகமாகச் சுழலுவதும், பெரும்பாலும் சீக்கிரம் தேய்வதும் அதுவே.

ஆட்டம் எதுவும் இல்லையென்றால் நேர்க்கோட்டைப் பார்க்க வேண்டும். வளையாத நீண்ட இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் அழுத்தி வைத்து, கம்ப்ரசர் புல்லி வரை நீட்டி, அங்கே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்ப்பது எளிய வழி. ஆனால் இரண்டு புல்லிகளின் விளிம்புத் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே ஸ்கேலிலிருந்து முதல் காடி வரை உள்ள தூரத்தை இரண்டிலும் அளந்து ஒப்பிடுவதுதான் நம்பகமானது. 30 செ.மீ. இடைவெளியில் 1 டிகிரி சாய்வு என்பது ஏறத்தாழ 5 மி.மீ. விலகல். அவ்வளவு விலகலில் பெல்ட் ஓசை எழுப்பத் தொடங்கியிருக்கும், அதையும் தாண்டினால் காடியை விட்டு ஏறப் பார்க்கும். விலகல் இருப்பது உறுதியானால் கம்ப்ரசர் பிராக்கெட்டின் போல்ட்டுகள், அதன் காதுகளில் வெடிப்பு, விட்டுப்போன வாஷர் அல்லது புஷ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் எஞ்சின் நிற்கும்போது எல்லாம் நேராகத் தெரிந்து, பெல்ட்டின் இழுப்பில் மட்டும் கம்ப்ரசர் சாயும். ஆகவே ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார்ப்பதே சரி, கண்ணால் பார்த்து விட்டுவிடக் கூடாது.

வேகம் கூடும்போது மட்டும் கழன்றால்

ஐடிலிங்கில் மணிக்கணக்காக ஓடி, ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ திடீரென்று விட்டாலோ கழலும் பெல்ட்டுக்கு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று தானியங்கி டென்ஷனர். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று அதன் கையைப் பார்த்தால் மெல்லிய அதிர்வு இருக்கலாம். கை மேலும் கீழுமாகத் துள்ளினால் ஸ்பிரிங்கோ அதன் தணிப்போ பலவீனமாகிவிட்டது. அதன் புஷ் தேய்ந்திருந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்து, புல்லி தலையைச் சாய்த்தது போல நிற்கும். அதே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவதாக இருந்து, ஆல்டர்னேட்டரில் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் வகைப் புல்லி இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். அது இறுகிப்போனால் எஞ்சின் வேகம் குறையும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டைச் சுண்டி இழுக்கும்.

மற்றொன்று கிராங்க் புல்லி. இது பல எஞ்சின்களில் ஒரே இரும்புத் துண்டு அல்ல. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே, எஞ்சினின் அதிர்வைத் தணிக்க ஒரு ரப்பர் அடுக்கு ஒட்டப்பட்டிருக்கும். வயதாலும் எண்ணெய்க் கசிவாலும் அந்த ஒட்டு விடும்போது, வெளிவளையம் உள்வளையத்தின் மேல் வழுக்கி மெல்ல முன்னாலோ பின்னாலோ நகரத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்கப் புல்லியின் முகத்தில் உள்வளையம், ரப்பர், வெளிவளையம் மூன்றையும் கடக்கும்படி ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டு, காய்ந்த பின் ஒரு நாள் வண்டியை ஓட்டிவிட்டுப் பார்த்தால் போதும். கோடு நேராக இருந்தால் புல்லி நலம். கோடு இரண்டாக உடைந்து ஒரு துண்டு தள்ளிப் போயிருந்தால், எத்தனை கடைகளில் ஐட்லரும் பெல்ட்டும் மாற்றினாலும் தீராத குறை அங்கேதான் இருந்திருக்கிறது. புல்லியே ஆடுகிறது, ஆனால் ரப்பர் நன்றாக இருக்கிறது என்றால் அதன் நடு போல்ட் தளர்ந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது; சாவிப்பள்ளம் தேய்ந்துவிட்டால் கிராங்க் தண்டே பாழாகிவிடும்.

மழையில் மட்டும் கழன்றால்

எஞ்சினுக்கு அடியிலும் சக்கரத்தின் உட்புறத்திலும் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு கழன்றோ உடைந்தோ போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் தேங்கிய நீரைக் கடக்கும்போது நீரும் கல்லும் நேரே புல்லிக்குள் வீசப்படும். இறுக்கம் சரியாக இருக்கும் பெல்ட் நனைந்தால் சிறிது கீச்சிட்டு அடங்கிவிடும். கழலும் அளவுக்குப் போகிறதென்றால் இறுக்கமோ நேர்க்கோடோ ஏற்கெனவே எல்லையில் இருக்கிறது.

நீரையே ஒரு சோதனைக் கருவியாகவும் கொள்ளலாம். ஓசை எழுப்பும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில், பாதுகாப்பான தூரத்தில் நின்று, சிறிது நீரைத் தெளித்தால், ஓசை உடனே நின்று சற்று நேரத்தில் திரும்பினால் நேர்க்கோட்டுக் குறை. ஓசை இன்னும் பெருத்தால் இறுக்கக் குறை. ஓசையை அடக்குவதற்கென்று விற்கும் பெல்ட் ஸ்பிரேயை அடிக்க வேண்டாம். அது சில நாள் ஓசையை மறைத்து, தூசியைப் பிடித்து, பெல்ட்டைக் கெடுத்துவிடும்.

சில வாரம் நன்றாக ஓடிப் பிறகு கழன்றால்

இங்கே ஐயப்பட வேண்டியது இறுக்கம் வைத்த முறையை. கையால் இறுக்கும் டென்ஷனரில் முதலில் ஐட்லரின் நடு நட்டைச் சிறிது தளர்த்தி, பிறகு நீள போல்ட்டைத் திருகிப் பெல்ட்டை இறுக்கி, கடைசியாக நடு நட்டைப் பூட்டுவார்கள். பூட்டும்போது ஐட்லர் சற்றே இடம் மாறும், இறுக்கமும் மாறும். எனவே பூட்டுவதற்கு முன் பார்த்த இறுக்கத்தை நம்பாமல், பூட்டிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். நடு நட்டை முற்றிலும் தளர்த்திவிட்டு இறுக்கினால் ஐட்லர் சாய்ந்தபடியே பூட்டப்படுவதும் உண்டு. நீள போல்ட்டின் மரை துருப்பிடித்திருந்தால், இறுகிவிட்டது என்ற உணர்வைத் துருவே தரும். பெல்ட் தளர்வாகவே இருக்கும்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அந்தந்த எஞ்சினின் கையேடுதான் முடிவு. கையேடுகள் வழக்கமாக இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஏறத்தாழ 10 கிலோ விசையில் அழுத்தினால் பெல்ட் எத்தனை மி.மீ. தாழ வேண்டும் என்று சொல்லும், புதுப் பெல்ட்டுக்கு ஓர் அளவும் ஓடிய பெல்ட்டுக்கு வேறோர் அளவும் தரும். கழன்று விழும் எரிச்சலில் அந்த அளவைத் தாண்டி முறுக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அது சில வாரம் தாக்குப்பிடிக்கும். அதன் விலையை ஐட்லர் பேரிங்கும் கம்ப்ரசர் பேரிங்கும் கொடுக்கும், அவை தேய்ந்ததும் புல்லி சாயும், பெல்ட் பழையபடி கழலும்.

புதுப் பெல்ட் மாட்டி, அளவு பார்த்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஏ.சி.யோடு ஓடவிட்டு அணைத்து, மறுபடியும் இறுக்கத்தை அளக்க வேண்டும். புதுப் பெல்ட் அந்த ஐந்து நிமிடத்திலேயே காடியில் படிந்து சிறிது தளரும். பிறகு பெல்ட்டின் கீழே, இரு பக்கத்து உலோகப் பரப்புகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கருந்தூள் படிந்திருந்தால் பெல்ட்டின் அந்த ஓரம் இன்னும் சீவப்படுகிறது. பெல்ட் கழலும் வரை காத்திராமல் ஸ்கேலை எடுத்து நேர்க்கோட்டை மறுபடியும் அளக்க வேண்டும்.